பிரயாண இன்ஷூரன்ஸ் எடுப்பதா, வேண்டாமா?

கோடை விடுமுறை நெருங்கியதும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இருவகைப் பிரயாணிகளைக் காண்கிறோம். காசிக்கோ பூரிக்கோ குடும்பத்துடன் ரயிலேறுவோர் ஒரு வகையினர். அமெரிக்காவிலுள்ள மக்களைக் காணச் செல்லும் முதியோர் மற்றொரு வகையினர். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

இன்ஷூரன்ஸின் தத்துவம் கூட்டுறவாளருக்குப் புதியதன்று. ஒருவருக்கு நேரும் பெரு நஷ்டத்தைப் பலரும் சிறு தொகை செலுத்திப் பகிர்ந்துகொள்வதே அது. ஆதலால், 'இந்த நஷ்டத்தை என் கைப்பணத்தால் தாங்க இயலுமா?' என்பதே முதற்கேள்வி. பெட்டி தொலைந்தால் எப்படியோ சமாளிக்கலாம்.

ரயில் பிரயாணத்தைப் பார்ப்போம். ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் டிக்கெட் வாங்குவோருக்கு 2016 செப்டம்பர் முதல் இவ்வசதி உண்டு. ஆரம்பத்தில் பிரீமியம் 92 காசு. இன்றும் ஒரு ரூபாய்க்குள்தான். ரயில் விபத்தில் மரணம் நேரின் 10 லட்சம் ரூபாயும், காயமுற்றோரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரையும் கிடைக்கும். 2023 ஜூன் 2-ஆம் தேதி, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோர் அருகே விபத்துக்குள்ளாகி, 290-க்கு மேற்பட்டோர் மாண்டனரே! ரயில்வே சட்டப்படி மரணத்துக்குரிய 8 லட்சம் நஷ்டஈடு இதனின்றும் வேறானது. எனவே தயக்கமின்றி எடுக்கலாம். ஆயினும் காசியில் காய்ச்சல் கண்டால் இதில் காசு பெயராது. ஸ்டேஷன் கவுண்டரில் வாங்கிய டிக்கெட்டுக்கும் இது இல்லை. டிக்கெட் பதிவானபின் கைபேசிக்கு வரும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரைப் பூர்த்தி செய்தல் வேண்டும். பலர் இதைச் செய்வதேயில்லை. பின்னர் குடும்பத்தார் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய நேரிடும்.

வெளிநாட்டுப் பிரயாணமோ வேறு விஷயம். ஷெங்கன் நாடுகள் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் இன்றி விசா அளிப்பதில்லை. அமெரிக்கா சுற்றுலா விசாவுக்கு அவ்வாறு கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அங்கேதான் ஆஸ்பத்திரிக் கட்டணம் ஆளை விழுங்கும். மகன் சம்பாதிக்கிறான் என்ற தைரியம் இங்கு உதவாது. அவனுடைய அலுவலக இன்ஷூரன்ஸ், பார்க்க வந்த பெற்றோருக்குப் பொதுவாகச் செல்லாது.

இதில் இடறுமிடம் ஒன்றுண்டு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற பழைய நோய்களைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஓரளவு ஏற்கின்றன. பிரீமியம் கூடுமென்று அஞ்சி நோயை மறைத்தால், பின்னர் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம். தியாகராய நகரில் டிக்கெட்டுடன் பாலிசியையும் சேர்த்து நீட்டும் ஏஜெண்டிடம், விலக்குகள் அச்சிட்ட பக்கத்தை முதலில் கேட்டு வாங்கி, வீட்டில் நிதானமாகப் படித்தபின் கையெழுத்திடுக.