நூலடுக்கு

நூல்களை விலை கொடுத்து வாங்குவோர் பலர்; அவற்றை அடுத்த தலைமுறைக்கு வழங்குவோர் சிலரே. ஏட்டுச்சுவடிகளை நாடி ஊர் ஊராகச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், அவை செல்லரித்துச் சிதைந்து கிடக்கும் நிலையைப் பலவிடங்களில் கண்டு வருந்தினார். அங்ஙனம் அழிந்த நூல்கள் எத்தனை என்பதனை இன்று எவரும் கணக்கிட இயலாது. ஆதலின், இல்லத்தில் நூல்நிலையம் அமைக்க விரும்புவோர், நூல்களைத் தேர்வதிற் செலுத்தும் கருத்தை, அவற்றைத் தாங்கும் அடுக்கினைச் செய்வதிலும் செலுத்துதல் வேண்டும்.

நீர், கறையான், நூல்களின் எடை ஆகிய மூன்றனையும் எண்ணியே நூலடுக்கினை அமைத்தல் வேண்டும். நீரால் வரும் கேட்டினை விழுப்புரம், திண்டிவனம் வட்டார மக்கள் நன்கு அறிவர். 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தமிழ்க் கல்லூரி விளங்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. அஃது ஓராண்டு மழையிற் பாதியளவாகும். வீடுகள் பலவற்றுள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வேளையில் முதலில் நனைவன தரையிலும் அடித்தட்டிலும் உள்ள நூல்களே. நனைந்த தாள் ஊதிப் பருக்கும். சில நாட்களிற் பூஞ்சணம் படரும். எனவே, அடித்தட்டினைத் தரையினின்று ஒன்றரை அடி உயரத்தில் அமைத்தல் நன்று.

கறையான் ஈரமும் இருளும் உள்ள இடத்தை நாடுவது. அது சுவரின்மீது மண்ணாற் குழாய்போன்ற வழி அமைத்துக்கொண்டு ஏறும். அடுக்கு சுவரோடு ஒட்டியிருப்பின் அவ்வழி கண்ணிற் படாது. ஆகவே, இரண்டு அங்குல இடைவெளி விட்டு, கால்களைக் கருங்கல் துண்டுகளின்மீது நிறுத்துதல் வேண்டும். சாயாதிருக்க மேற்புறத்தை மட்டும் இரும்புப் பட்டையாற் சுவருடன் பிணைக்கலாம். தேக்கு, வேங்கை, வைரம் பாய்ந்த வேம்பு ஆகியன ஏற்ற மரங்கள். ஈரம் உலராத பலகை பின்னர் வளைந்து முறுக்கிக்கொள்ளும். பழைய வீட்டைப் பிரித்தெடுத்த மரம் நன்கு உலர்ந்திருக்குமாதலின், புழுத்துளை இல்லையாயின் அதனையும் கொள்ளலாம்.

இனி, எடையினைக் காண்போம். நெருக்கமாக அடுக்கிய நூல்கள் ஓரடி நீளத்திற்குச் சுமார் 10 கிலோகிராம் இருக்கும். மூன்றடி நீளமுள்ள தட்டுகள் ஐந்தாயின், மொத்தம் 150 கிலோகிராம் ஆகும். பலகையின் நீளத்தை இரு மடங்காக்கி, முழுவதும் நூல்களை நிரப்பினால், அதன் தொய்வு பதினாறு மடங்காகும். தடிப்பினை இரு மடங்காக்கினாலோ, தொய்வு எட்டில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆகவே, நீண்ட பலகையைத் தடிப்பாக்குவதினும் அதனைக் குறுக்குதலே சிறந்தது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகைக்கு இரண்டரை அடி நீளம் போதும். ஆணியை மட்டும் நம்பாமல், பக்கச் சட்டங்களிற் காடி வெட்டிப் பலகையின் முனைகளைப் பொருத்துதல் வேண்டும். பின்புறம் குறுக்குச் சட்டம் ஒன்று அறைந்தால் அடுக்கு ஆடாது. கனத்த அகராதிகளைக் கீழ்த்தட்டிலும், மீண்டும் கிடைத்தற்கரிய நூல்களை அதற்கு மேலும் வைக்கலாம்.

ஓர் இல்லத்திற் காத்த நூல்கள் நாட்டிற்கே பயன்படுதலும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா பல்லாண்டுகள் தொகுத்துப் பேணிய நூல்களும் இதழ்களும், அவர் மறைந்த பின், 1994-ஆம் ஆண்டிற் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைவதற்கு அடிப்படையாயின.

பத்து நூல்களே உடைய மாணவரும் இம்முறைப்படி ஒரு சிறு தட்டினை அமைத்துக்கொள்ளலாம். அமைத்த பின்னர், திங்களுக்கு ஒரு முறையேனும் நூல்களை வெளியே எடுத்துத் தூசி துடைத்து, மீண்டும் அடுக்குதல் வேண்டும். நெடுநாள் கைபடாது கிடக்கும் நூலிலேயே பூச்சி அச்சமின்றிக் குடிபுகும்.