அளவறிந்து வெட்டுதல்

உணவும் உறையுளும் போலவே உடையும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதது. நூற்பவர் செய்த பிழையும் நெய்பவர் செய்த பிழையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கவை. துணியை வெட்டுவோர் செய்யும் பிழையோ அத்தகையதன்று. மிகுதியாக வெட்டிய துணியைக் குறைக்கலாம். குறைவாக வெட்டிய துணியை நீட்ட இயலுமோ? ஆதலால் தையற்கலையில் ஊசியினும் கத்தரிக்கோலினும் முதன்மை வாய்ந்தது அளவே ஆகும்.

சென்னையின் தென்புறத்தே உள்ளது தாம்பரம். சென்னைக் கடற்கரைக்கும் இவ்வூருக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1984-ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தொழில்களுக்கென இங்கு ஒரு வளாகத்தை மைய அரசு நிறுவியது. அது 2003-ஆம் ஆண்டில் சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. ஆயத்த ஆடைகளைத் தைக்கும் தொழிற்சாலைகளும் அதனுள் இடம்பெற்றன. இத்தகைய தொழிற்சாலைகளில் துணியைப் பல மடிப்புகளாக அடுக்கி ஒரே முறையில் வெட்டுவர். மாதிரியில் கால் அங்குலம் தவறினால் அடுக்கில் உள்ள ஆடைகள் அனைத்திலும் கால் அங்குலம் தவறும்.

ஆடையின் முன்பகுதி, பின்பகுதி, கை, கழுத்து ஆகியவற்றின் வடிவங்களைத் தனித்தனியே வரைந்து வைப்பதே வெட்டுமாதிரி ஆகும். தையற்காரர் இதனைப் பேட்டர்ன் என்பர். அமெரிக்காவில் பட்டரிக் என்னும் தையற்காரர் 1863-ஆம் ஆண்டில் பல அளவுகளில் தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். இந்நாளில் அம்மாதிரிகள் கணிப்பொறிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சிறு தாள்களில் அச்சிட்டு ஒட்டுவது பெருந்தொல்லை. அத்தொல்லையை நீக்கப் புதுவழி ஒன்று கண்டனர். புரொஜெக்டர் என்னும் ஒளிவீழ்த்தியைக் கூரையில் பொருத்தி, மாதிரியை மேசைமேல் விரித்த துணியின்மீது ஒளியாக விழச்செய்து, அக்கோட்டின்வழியே வெட்டுவதே அவ்வழி. தாளும் வேண்டா, பசையும் வேண்டா. ஆயினும் தாளில் வராத பிழைகள் சில ஒளியில் வரும்.

தாம்பரத்தில் தம் வீட்டிலேயே தையல் தொழில் நடத்தும் அம்மையார் ஒருவர் உள்ளார் எனக் கொள்வோம். ஒரு சிறுமி தன் தமக்கையின் திருமணத்தன்று அணிவதற்கென 36 அங்குல நீளமுள்ள பட்டுக் கவுன் தைத்துத் தருமாறு துணி கொடுத்திருக்கிறாள். அம்மையார் பழைய மாதிரிக் கோப்பு ஒன்றை இங்க்ஸ்கேப் என்னும் வரைபட மென்பொருளில் திறந்தார், மேசைமீது ஒளி விழச்செய்தார், வெட்டினார். தைத்து முடித்தபின் அளந்தால் நீளம் 33.75 அங்குலமே இருந்தது! பட்டு வீணாயிற்று; திருமண நாளும் நெருங்கிவிட்டது.

‘ஒளிவீழ்த்தியே பழுது’ என்று அவர் எண்ணினார். கோடுகள் சரியான நீளம் வரும்வரை படத்தைப் பெரிதாக்கினார். மாற்றுத் துணி வாங்கி வெட்டிய கவுன் பொருந்தியது. மனம் அமைதியுற்றது. ஆனால், மறுநாள் வேறொரு கோப்பை எடுத்தபோது, 36 அங்குலம் இருக்கவேண்டிய துண்டு 38.4 அங்குலமாக விரிந்து துணிக்கு வெளியே சென்றது. முதல்நாள் அவர் பிழையை நீக்கவில்லை. ஒரு பிழையை மற்றொரு பிழையால் மூடினார். மூடிய பிழை மறுநாள் வெளிப்பட்டது.

உண்மையில் தவறு எங்கே நேர்ந்தது? இங்க்ஸ்கேப்பின் 0.91 பதிப்பு வரையில், ஓர் அங்குலத்திற்கு 90 படப்புள்ளிகள் என்பது கணக்கு. 2017-ஆம் ஆண்டில் வந்த 0.92 பதிப்பில் அக்கணக்கு 96 ஆயிற்று. பழைய கோப்பைத் திறக்கும்போது, ‘இது திரையில் காண்பதற்கு வரைந்ததோ, தாளில் அச்சிடுவதற்கு வரைந்ததோ?’ என்னும் கருத்தமைந்த கேள்வி ஒன்றை மென்பொருள் கேட்கும். ஒளிவீழ்த்தியும் திரை போன்றதே என்று கருதிய அம்மையார், திரைக்கு என்று விடையளித்தார். உடனே 96 பங்கு இருக்கவேண்டிய அளவு 90 பங்காகச் சுருங்கியது. அதனால் 36 அங்குலம் 33.75 ஆயிற்று. நாம் வேண்டுவது துணியின்மேல் மெய்யளவு. ஆகவே, தாளில் அச்சிடுவதற்கு என்பதே உரிய விடை. கருவி தவறு செய்யவில்லை; கேட்ட கேள்வியின் கருத்தை உணராமல் விடையளித்ததே தவறு.

இத்தகைய இடர்களை அறிய எளிய முறை ஒன்று உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் அளவு குறித்த சதுரம் ஒன்று வரையப்பட்டிருக்கும். அது 4 அங்குலம் என்று குறித்திருந்தால், முதலில் மென்பொருளிலேயே அதனை அளந்து பார்க்கவேண்டும். அங்கு 3.75 என்று காட்டினால் பிழை கோப்பிலேயே உள்ளது. ஒளிவீழ்த்தியைத் தொடுதல் கூடாது. அங்கு 4 என்று காட்டி மேசைமேல் மாறினால், படம் திரைக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து முழு அளவில் வைக்கவேண்டும். அதன் பின்னரே ஒளிவீழ்த்தியை ஆராய்தல் முறை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒளிப்படத்திற்கோ ஒரு சதுரம் போதாது. ஒளிவீழ்த்தி சற்றே சாய்ந்திருந்தாலும் செவ்வகம் சரிவகமாக விழும். ஒருபுறம் சுருங்கும், மறுபுறம் விரியும். ஆதலால் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து பார்த்தல் வேண்டும். மேசையின் உயரமும் மாறலாகாது. ஒளிவீழ்த்தி மேசைக்கு மேல் 60 அங்குல உயரத்தில் இருக்க, அளவு பொருத்திய பின்னர் ஓர் அங்குலக் கனமுள்ள பலகையை மேசைமேல் இட்டால், படம் அறுபதில் ஒரு பங்கு சுருங்கும். 36 அங்குலம் 35.4 ஆகும்.

கோடு தெளிவின்றித் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. 1920 படப்புள்ளிகளை 60 அங்குல அகலத்தில் பரப்பினால், ஒரு புள்ளி ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடத்தைக் கொள்ளும். அதனினும் மெல்லிய கோடு மங்கி மறையும். மென்பொருளில் கோட்டைத் தடிப்பாக்குக, வேண்டாத அளவுகள் உள்ள அடுக்குகளை மறைத்துவிடுக, கண் தடுமாறாது.

மாணவர்களே! கணக்கு விடை தவறினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விடையை மட்டும் அழித்து எழுதினால் கணக்குச் சரியாகுமா? எந்தப் படியில் தவறியது என்று மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும் அன்றோ? வெட்டுமாதிரிக்கும் அதுவே வழி. முதலில் கோப்பு, அடுத்துக் காட்டும் அளவு, பின்னர் ஒளிவீழ்த்தி, கடைசியில் மேசை என்று முறையாகச் சென்று, பிழை பிறந்த இடத்திலேயே அதனைக் களைதல் வேண்டும். கத்தரிக்கோலை எடுக்குமுன் அளவுநாடாவை எடுப்பவர், தம் துணியை மட்டுமன்றித் தம்மை நம்பித் துணி கொடுத்தவரின் மனத்தையும் காப்பவர் ஆவார்.