நகுலமாதா தீர்த்த கவலை

கவலை உடலை அரிக்கும் என்பது நம் பாட்டிமாரும் அறிந்ததே. அஃது எவ்வாறு அரிக்கின்றது, எவ்வாறு அதனை நீக்குவது என்பனவே நாம் ஆராயத்தக்கவை. இதற்கு அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் நிபாதத்தில் வரும் ஒரு வரலாற்றைப் பாடமாகக் கொள்வோம்.

சும்சுமாரகிரியில் வாழ்ந்த நகுலபிதா என்னும் இல்லறத்தார் கடும் நோயுற்றுக் கிடந்தார். கவலையோடு இறத்தல் துன்பம் என்று கூறிய அவர் மனைவி நகுலமாதா, அவ்வளவில் நிறுத்தினாரில்லை. கணவருள்ளத்தை வாட்டக்கூடிய ஐயங்களைத் தாமே ஒவ்வொன்றாக எடுத்து விடை பகர்ந்தார். தமக்குப் பருத்தி நூற்கவும் கம்பளி மயிரைச் சிக்கெடுக்கவும் தெரியுமாதலால் பிள்ளைகளைக் காத்துக் குடும்பத்தை நடத்த இயலும் என்றார். தாம் மறுமணம் நாடார் என்பதற்கு, இருவரும் 16 ஆண்டுகள் காத்த ஒழுக்கத்தைச் சான்றாக்கினார். பகவரையும் சங்கத்தையும் காணும் ஆர்வம், சீலம், மன அமைதி, தம்மத்தில் உறுதி ஆகிய நான்கும் தம்மிடம் குன்றா என்றார். அப்போதே நோய் தணிந்தது. பின்னர் நகுலபிதா கோலூன்றிப் பகவரிடம் சென்றபோது, இத்தகைய மனைவியைப் பெற்றது அவருடைய பேறு எனப் பகவர் பாராட்டினார்.

முதல் விடை பிழைப்பைப் பற்றியதாயிருத்தல் கவனிக்கத்தக்கது. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, "மனத்தைத் தளரவிடாதீர்" என்பது எளிது. வீட்டு வாடகைக்கு வழி சொல்வாரே அரியர்.

இனி, உடலில் நிகழ்வது யாது? அச்சமும் சினமும் எழுங்கால் அட்ரினலின் சுரந்து இதயம் விரைகின்றது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது, செரிமானம் தடைப்படுகின்றது. இதனை அமெரிக்க அறிஞர் வால்டர் கானன் 1915-இல் ஒரு நூலாகவே விளக்கினார். ஓடித் தப்புதற்கு உதவும் இவ்வேற்பாடு, மாதக்கணக்கில் நீடிப்பின் கேடாகின்றது. அந்நாட்டின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1995-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நினைவு குன்றிய உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேருக்கும், அச்சுமையில்லாத 13 பேருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு புண் செய்யப்பட்டது. முன்னவர்க்கு அஃது ஆறச் சராசரியாக 9 நாள் மிகையாயிற்று. பிறரைப் பேணுவோர்க்கும் பேணுவார் வேண்டும் என்பதை நம் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

மகிழ்ச்சிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை 2001-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டிற்று. கத்தோலிக்கக் கன்னியர் 180 பேர் இளமையில் எழுதிய தன்வரலாறுகள் அதில் ஆராயப்பெற்றன. மகிழ்ச்சி, நன்றி முதலியவற்றைச் சொல்லும் வாக்கியங்களை மிகுதியாக எழுதிய கால்பங்கினர், மிகக் குறைவாக எழுதிய கால்பங்கினரைவிட ஏறக்குறைய 7 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தனர். அனைவருக்கும் வாழ்க்கைமுறை பெரிதும் ஒன்றே என்பதால் இவ்வேறுபாடு சிந்திக்கற்பாலது. ஆயினும் மகிழ்ச்சியே முழுக் காரணம் எனத் துணிதல் பொருந்தாது.

இதனைக் கொண்டு நோயுற்றவரை, "உன் மனமே காரணம்", "உன் கர்மமே காரணம்" எனப் பழிப்பது பெருந்தவறு. எல்லா வேதனையும் முன்வினைப் பயனோ என்று சீவகர் என்னும் துறவி வினவியபோது பகவர் அதனை மறுத்தார். பித்தம், கபம், வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகேடான பராமரிப்பு, பிறர் தாக்குதல், கர்மம் என எட்டுக் காரணங்களை அவர் எண்ணினார். கர்மம் அவ்வெட்டில் ஒன்றே.