அறிந்து தரும் இசைவு

ஆய்வுக்கு உட்படுவோர் 'சரி' என்று சொல்லிவிட்டால் போதும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அது போதாது என்பதற்கு டஸ்கீகி ஆய்வே சான்று.

1932-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை இவ்வாய்வைத் தொடங்கிற்று. சேர்க்கப்பட்ட 600 கறுப்பின ஆண்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றே கூறினர். இலவச உணவும் ஈமச்செலவுக்கான உறுதியும் கிடைத்ததால் அவர்கள் மனமுவந்தே வந்தனர். சோதனைக்காக முதுகுத்தண்டில் நீர் எடுத்ததும் அவர்களிடம் சிகிச்சை என்றே சொல்லப்பட்டது. 1940-களில் பெனிசிலின் வந்த பின்னும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972-இல் செய்தித்தாள் வாயிலாக உண்மை வெளிப்பட்ட பின்னரே ஆய்வு நின்றது.

இங்கே இசைவு இருந்தது, விளக்கம் இல்லை. எதற்கு உடன்படுகிறோம் என்று அறியாதவரின் தலையசைப்பு இசைவாகாது என்பதே என் கருத்து. 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் தன்விருப்ப இசைவை முதல் விதியாக வைத்தன. 1979-இல் வெளியான பெல்மாண்ட் அறிக்கை அவ்விசைவுக்கு மூன்று கூறுகளை வகுத்தது: செய்தியை எடுத்துரைத்தல், அது புரிந்திருத்தல், வற்புறுத்தல் இன்மை.

மருந்தைத் தொடாத கலைப்பிரிவு மாணவர்களாகிய நமக்கும் இது பொருந்தும். வினாப்பட்டியலோடு ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமரும்போது, நம் நோக்கத்தை அவருக்கு விளங்கும் சொற்களில் கூறுவோம். அவர் தரும் விவரம் எங்கே போகும் என்பதையும் சொல்வோம். விருப்பமில்லை என்றால் முகம் கோணாமல் எழுந்து வருவோம். 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லாதவரின் 'சரி'க்கு ஆய்வில் மதிப்பில்லை.