மூன்றாம் லீக்கில் ஆடியவர் முதல் லீக்கின் கோச் ஆன வழி

உங்கள் ரெஸ்யூமேயில் பெரிய கம்பெனி பெயர் இல்லை. பக்கத்து சீட்காரருக்கு இருக்கிறது. புரமோஷன் ஒன்றே ஒன்றுதான். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஜாரெட் பெட்னாரின் கெரியரை உட்கார்ந்து படிக்க வேண்டும். 1972-ல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிறந்த ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன். உச்ச லீக்கான என்ஹெச்எல்லில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 2022-ல் அதே லீக்கில், கொலராடோ அவலாஞ்ச் அணியின் தலைமை கோச்சாக, லீக் கோப்பையான ஸ்டான்லி கப்பைக் கையில் ஏந்தினார்.

1. பின்வரிசை வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். டிஃபென்ஸ்மேன் பின்னோக்கி ஸ்கேட் செய்தபடியே எதிரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நெருங்கினால் தாண்டிப் போய்விடுவான், விலகினால் கோலுக்கு அடித்துவிடுவான். அளந்த தூரத்தில் நின்று அவனை ஓரச் சுவர்ப் பக்கம் ஒதுக்க வேண்டும். ஆட்டம் முழுக்க அவர் கண்ணெதிரே விரிந்திருக்கும். டெஸ்டிங், சப்போர்ட், அக்கவுண்ட்ஸில் இருக்கும் உங்களுக்கும் இதே வசதி உண்டு. எந்தத் தப்பு எந்த டேபிளில் தொடங்குகிறது என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் பேச அதைவிட நல்ல சரக்கு கிடையாது.

2. நேற்றைய நண்பர்களுக்கு இன்று பாஸ் ஆகத் தயாராகுங்கள். மூன்றாம் நிலை லீக்கான ஈசிஹெச்எல்லில், சவுத் கரோலினா ஸ்டிங்ரேஸ் அணிக்காக 1997, 2001 ஆண்டுகளில் பெட்னார் கோப்பை வென்றார். 2002-ல் ஆட்டத்தை நிறுத்தியதும் அதே அணியில் அசிஸ்டென்ட் கோச். கூட ஆடியவனையே திருத்த வேண்டிய வேலை. நீங்கள் அந்த நாற்காலிக்கு வந்தால் முதல் வாரத்திலேயே கறாராக இருங்கள். கிண்டலில் கலந்துகொள்ளலாம், லீவ், ரேட்டிங் விஷயத்தில் சலுகை கூடாது. பெட்னார் ஐந்து சீசன் அடுத்தவருக்குக் கீழே வேலை கற்றார். 2007-ல் தலைமை கோச், 2009-ல் மறுபடி கோப்பை.

3. டெசிக்னேஷனைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். கோப்பை வென்ற தலைமை கோச், அடுத்த சீசனே இரண்டாம் நிலை லீக்கான ஏஹெச்எல்லுக்கு அசிஸ்டென்டாகப் போனார். பிறகு அதே லீக்கில், பியோரியாவில் இரண்டு சீசன் தலைமை. 2012-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் திரும்பவும் அசிஸ்டென்ட். விசிட்டிங் கார்டில் பதவி இரண்டு முறை இறங்கியது. நிற்கும் மேடையோ மூன்றாம் லீக்கிலிருந்து இரண்டாம் லீக்குக்கு உயர்ந்திருந்தது. 2016 ஜூனில், அவர் தலைமை கோச்சாக இருந்த லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் அணிக்கு ஏஹெச்எல் கோப்பையான கால்டர் கப். அதே ஆகஸ்டில் கொலராடோ கோச் பாட்ரிக் ராய் திடீரென்று ராஜினாமா செய்தார். அந்த நாற்காலி 44 வயது பெட்னாருக்கு வந்தது. இப்படிப்பட்ட வேகன்ஸி முன்னறிவிப்போடு வராது; உங்கள் சமீபத்திய ரிசல்ட் சூடாக இருக்கும்போது வந்தால்தான் லாபம்.

4. முதல் வருஷம் மோசமாகப் போனால்? இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன், ஏனென்றால் திறமைசாலிகள் பெரும்பாலும் இங்கேதான் பேப்பர் போட்டுவிடுகிறார்கள். 2016-17 சீசனில் கொலராடோ ஆடியது 82 மேட்ச், வென்றது 22. மொத்தம் 48 பாயின்ட், லீக்கில் கடைசி இடம். சீசன் நடுவிலேயே கோச்சை அனுப்பிவிடுவது என்ஹெச்எல்லில் சர்வசாதாரணம். ஜெனரல் மேனேஜர் ஜோ சாக்கிக் பெட்னாரை அனுப்பவில்லை. அடுத்த சீசனில் 95 பாயின்ட், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் நுழைவு.

நீங்கள் அந்த நிலைமையில் இருந்தால் செய்ய வேண்டியது: மேலதிகாரி கேட்கும் முன்பே நம்பரை நீங்களே கொண்டுபோய் வையுங்கள். முன்னாள் மேனேஜரைக் குறை சொல்லாதீர்கள். அவரை வேலைக்கு எடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். தொண்ணூறு நாளில் எது மாறும் என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி, அதை மாற்றிக் காட்டுங்கள். டீமில் யாரை வளர்த்தால் உங்கள் பெயர் வளரும் என்பதையும் கண்டுபிடியுங்கள். அந்த 95 பாயின்ட் சீசனில் நேதன் மக்கினன் என்ற ஒரே ஆட்டக்காரர் கோல், அசிஸ்ட் சேர்த்து 97 எடுத்தார். ஆட்டக்காரர் ஜொலித்தால் கோச்சின் காண்ட்ராக்ட் நீளும். இது சுயநலம்தான், டீமுக்கும் நல்லது.

5. ஒரே இடத்தில் மூன்று முறை சறுக்கினால் புது ஆள் கேளுங்கள். 2019, 2020, 2021 மூன்று ஆண்டும் கொலராடோ பிளேஆஃபின் இரண்டாம் ரவுண்டிலேயே வெளியேறியது. 2022 மார்ச்சில் சாக்கிக், ஃபார்வர்டு ஆர்ட்டுரி லெகோனனை மான்ட்ரியலிலிருந்து வாங்கினார். ஜூன் 26 அன்று, இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில், முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியனான டாம்பா பே லைட்னிங்கை கொலராடோ 2-1 என்று வென்றது. கோப்பையைத் தந்த அந்த இரண்டாவது கோல் லெகோனனுடையது. ஈசிஹெச்எல், ஏஹெச்எல், என்ஹெச்எல் என மூன்று லீக் கோப்பைகளையும் வென்ற முதல் தலைமை கோச் ஆனார் பெட்னார். உங்கள் அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் “இன்னும் உழைக்கிறோம் சார்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த ஸ்கில் குறைகிறது, எந்தத் தேதிக்குள் ஆள் வேண்டும், வந்தால் எந்த நம்பர் மாறும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள்.