கோரமங்கலாவுக்குக் கட்டி இழுக்கும் முன்

அன்புள்ள தம்பி,

டோ பண்ண எந்த பெல்ட் வாங்கலாம், நீயே கட்டிய காரை டாடா ஏஸ் பின்னால் கட்டி பெங்களூர் நீலசந்திராவிலிருந்து கோரமங்கலா ஆர்டிஓ வரை இழுத்துப் போனால் போலீஸ் நிறுத்துமா என்று கேட்டு எழுதியிருந்தாய். படங்களைப் பார்த்தேன். சதுரக் குழாய் சேஸிஸ் கோணாமல் நிற்கிறது, வெல்டிங்கும் சீராக ஓடியிருக்கிறது. மாருதி 800-க்குப் போகாமல் ஆம்னி எஞ்சினை எடுத்தாயே, அது நல்ல யோசனை. இரண்டிலும் 796 சிசிதான் என்றாலும் ஆம்னியில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. லோட்டஸ் செவன் மாதிரி ஒன்று கட்ட நினைப்பவனுக்கு பழைய சாமான் சந்தையான சிவாஜிநகர் குஜிரியில் அதைவிட மலிவாக வேறு எதுவும் அகப்படாது.

பெல்ட்டுக்குப் பிறகு வருகிறேன். கோரமங்கலாவுக்குப் போய் என்ன செய்யப் போகிறாய் என்பதை முதலில் பார்ப்போம்.

புது வண்டியைப் பதிய படிவம் 20 கொடுக்க வேண்டும். அதோடு விற்றவர் தரும் படிவம் 21, தயாரித்தவர் தரும் சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் சேர வேண்டும். உன் வண்டியை உனக்கு யாரும் விற்கவில்லை. தயாரித்தவன் நீதான், ஆனால் உன் கையெழுத்து அங்கே செல்லாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆவது விதியின்படி, தயாரிப்பாளர் என்பவர் மாதிரி வண்டி ஒன்றைப் புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை நிலையம் ஒன்றில் ஒப்படைத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்து விற்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ஷெட்டில் ஒருத்தன் தனக்கென்று ஒரே ஒரு வண்டி கட்டினால் அவன் எந்த வரிசையில் நிற்பது என்று அதில் இல்லை.

நீ பார்க்கிற வீடியோக்கள் எல்லாம் இங்கிலாந்துடையவை. அங்கே தனி வண்டிக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, இப்போதைய வடிவில் 2009 முதல். நாள் முன்பதிவு செய்து இன்ஷூரன்ஸும் எடுத்துவிட்டால், பதியாத வண்டியைச் சோதனைக்கு ஓட்டிக்கொண்டே போகலாம். பலர் அப்படியும் டிரெய்லரில்தான் ஏற்றிப் போகிறார்கள், வழியில் எது கழன்று விழும் என்று கட்டியவனுக்குத்தானே தெரியும்! அந்த நாட்டில் இந்தப் பழக்கம் வளர்ந்ததற்கு வரி ஒரு காரணம். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களாக வாங்கினால் இல்லை. கூடவே கோர்க்கும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், லோட்டஸ் கம்பெனி பிரிக்கும் முறையை அச்சடித்துக் கொடுத்தது, வாங்கியவர்கள் அதைத் தலைகீழாகப் படித்துக் கோர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடு 1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கலாம் என்றார். தயாரிப்பு உரிமம் கிடைக்கவில்லை. உன் ஊரிலேயே சிபானி கம்பெனி எண்பதுகளில் டால்ஃபின் விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்த ஃபைபர் பாடி வண்டி. அவர்கள் கம்பெனியாக நின்று செய்ததால் அது ரோட்டுக்கு வந்தது. 2021 கடைசியில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் கொல்லர் ஒருவர் இரும்புச் சாமான்களைக் கொண்டு கிக்கர் உதைத்துக் கிளப்பும் ஜீப் ஒன்றைக் கட்டிய செய்தியை நீயும் படித்திருப்பாய். இது விதிக்குப் பொருந்தாது, அதிகாரிகள் என்றாவது நிறுத்துவார்கள் என்று மஹிந்திரா கம்பெனித் தலைவர் ஆனந்த் மஹிந்திரா வெளிப்படையாகவே எழுதினார். அந்த ஜீப்புக்குப் பதிலாகக் கொல்லருக்கு ஒரு பொலேரோ கிடைத்தது. நாட்டிலேயே அதிகம் பாராட்டப்பட்ட வீட்டு வண்டிக்கே நம்பர் பிளேட் கிடைக்கவில்லை என்பதைக் கவனி.

இந்த இடத்தில் யாராவது உன் காதில் ஒரு குறுக்குவழி ஓதுவார்கள். ஆம்னியின் ஆர்சிதான் இருக்கிறதே, சேஸிஸ் நம்பர் இருக்கும் தகட்டை வெட்டி எடுத்துப் புதுச் சேஸிஸில் ஒட்டவை, 'மாடிஃபிகேஷன்' என்று எழுதிக் கொடு என்பார்கள். அந்தத் தகட்டின் பக்கம் கட்டர் போகக்கூடாது. ஆய்வுக்கு வரும் பிரேக் இன்ஸ்பெக்டரின் வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார். நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்ப்பார்கள். எண்கள் வெள்ளையாக எழும்பும், சுற்றிலும் கருமை. பழகிய கண் எண்ணைப் படிப்பதோடு நிற்காது, எழுத்துகளின் இடைவெளி, ஆழம், ஓரத்தில் கிரைண்டர் ஓடிய கீறல் எல்லாவற்றையும் பார்க்கும். அங்கே மாட்டினால் திருட்டு வண்டி வழக்கில் போய் நிற்பாய். மாட்டாவிட்டாலும் அது சட்டத்துக்குப் புறம்பு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. நாளை ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் அந்தத் தகட்டைத்தான் பார்க்கும்.

அப்படியானால் கட்டியதைக் குஜிரிக்கே திருப்பிக் கொடுப்பதா என்று கேட்பாய். வேண்டாம். இதை டிராக் வண்டி என்று முடிவு செய். ரோடுக்குப் பதிவு வேண்டும், மூடிய டிராக்குக்கு வேண்டாம். அங்கேயும் ஆய்வு உண்டு, நம் ஆர்டிஓ ஆய்வைவிடக் கடுமையானதும்கூட. நீ போக வேண்டிய டிராக் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே, எஸ்.கரிவரதன் பெயரில் இருப்பது. மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டிய மனிதர். ரேஸ் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அந்த வண்டிகளில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் போய்ச் சேர்ந்தார், டிராக் 2003-இல் திறந்தது. பழைய மாருதி எஞ்சினோடு உட்கார்ந்திருக்கும் நீ அந்த வண்டிகளை ஒருமுறையாவது குனிந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

கல்லூரி மாணவர்கள் கட்டும் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி நடப்பதும் அங்கேதான். பெங்களூரிலிருந்தும் அணிகள் போகும், ஆர்வி கல்லூரியின் அஷ்வா அணி 2003-இலிருந்தே இருக்கிறது. நீ மாணவன் இல்லை, போட்டியில் இறங்க முடியாது. ஆனால் குழாயைக் கச்சிதமாக மீன்வாய் வெட்டி வெல்ட் வைக்கத் தெரிந்த கை எந்த அணிக்கும் தேவைப்படும். போய்க் கேள். அவர்களோடு ஒரு ஆய்வைப் பார்த்தால் போதும், நான் பத்துக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வண்டியை மேடையில் ஏற்றி அறுபது டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு எண்ணெய் வடிந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். பிரேக் சோதனையில் ஓடிவந்து மிதித்தால் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். எஞ்சின் சத்தத்தை மீட்டர் வைத்து அளப்பார்கள். உன் வண்டியை அந்த அளவுகோலில் நீயே நிறுத்திப் பார்.

ரோட்டில் ஓடும் வண்டிதான் வேண்டும் என்று மனம் அடங்காவிட்டால், 52-ஆவது பிரிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு விட்டுவைத்திருக்கும் வழிகளைப் பார். சான்று பெற்ற எலெக்ட்ரிக் கிட்டைப் பழைய வண்டியில் மாட்டுவது ஒன்று. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றித் தருவது இன்னொன்று. இரண்டாவதில் கைவேலைக்கு நிறைய இடமிருக்கிறது, அதைச் செய்ய ஆள்தான் குறைவு. கையால் இயக்கும் பிரேக் லீவர் ஒன்றைச் சரியான நீளத்தில், ஆடாமல், ஓட்டுபவரின் தோள் வலிக்காமல் பொருத்துவது லேசான வேலையா என்ன?

இனி இழுக்கும் விஷயம். பழுதான வண்டி, முழுதும் கோர்க்கப்படாத வண்டி இரண்டையும் இன்னொரு வண்டி இழுக்கலாம் என்று விதி இருப்பது உண்மை. டெலிவரிக்கும் பக்கத்துப் பட்டறைக்குமான சலுகை அது. இடைவெளி ஐந்து மீட்டருக்கு மேல் கூடாது, கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும், பின்வண்டி ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவன் உட்கார வேண்டும். ஓடாத எஞ்சினோடு பிரேக் பூஸ்டரும் இல்லாமல், ஆனேபாளையா ஹம்ப்புகளில் ஏஸ் டக்கென்று நிற்கும்போது நீ அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதை நான் விரும்பவில்லை. பதிவு இல்லாதவரை உன் வண்டி சரக்கு. செட்டிப்பாளையத்துக்கு ஏற்றிக் கொண்டு போ. ஏஸின் டெக் ஏழடி சொச்சம்தான், உன் வண்டி பத்தடிக்கு மேல். ஹைட்ராலிக்கில் சாயும் ஃப்ளாட்பெட் பேசிக்கொள். இ-வே பில், டிரான்சிட் இன்ஷூரன்ஸ் இரண்டையும் வண்டிக்காரரிடம் முன்னமே கேட்டுவிடு. ஓசூர் செக்போஸ்ட்டில் நின்று போனில் தேடுவது அலுப்பு.

ஃப்ளாட்பெட் உன் சந்துக்குள் வராது. பஜார் தெருவைத் தாண்டி மெயின் ரோடு வரை கையால்தான் தள்ள வேண்டும். ஃபைபர் பாடியில் கை வைத்துத் தள்ளாதே. ஜெல்கோட்டில் முடி மாதிரி விரிசல் விழும், பெயின்ட் அடித்த பிறகுதான் தெரியும். மாணவர்களின் கார்களில் பின்னால் செருகும் தள்ளுகம்பி ஒன்று இருக்கும், அதுமாதிரி சேஸிஸில் இரண்டு குழாய்களை இப்போதே வெல்ட் வைத்துக்கொள். தள்ளுபவர்கள் எத்தனை பேர் ஆனாலும் ஒருத்தன் சீட்டில், பிரேக் மேல் கால் வைத்தபடி.

ஏற்றும்போது வின்ச் கொக்கியை சஸ்பென்ஷன் ஏ-ஆர்மில் மாட்ட ஓடி வருவார்கள், விடாதே. சேஸிஸின் முன் குறுக்குக் குழாயில் தடித்த தகட்டில் ஒரு வளையம் இருக்கட்டும். உன் சைலன்சர் தாழ்வு, சாய்ந்த டெக்கின் முனையில் தட்டும். சக்கரத்துக்கு அடியில் இரண்டு பலகை போட்டால் ஏறிவிடும். நீ கேட்ட பெல்ட்: ராட்செட் பெல்ட் நான்கு, ஒவ்வொன்றும் டயரைச் சுற்றி. சேஸிஸைக் கட்டினால் பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது பெல்ட் தளர்ந்து, எழும்போது வெடுக்கென்று இழுக்கும். அப்படி நூறு தடவை இழுத்தால் கொக்கி நழுவிவிடும். டயரைக் கட்டினால் வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டே வரும், பெல்ட் அசையாது. முதல் கியர், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பேட்டரி நெகட்டிவைக் கழற்று. பெட்ரோல் கொஞ்சம் போதும். பானெட்டைக் கழற்றிப் போர்வையில் சுற்றி கேபினில் வை, காற்று அதைத் தூக்கிப் போனால் கிருஷ்ணகிரியில் தேட முடியாது. அத்திப்பள்ளி தாண்டி ஒருமுறை நிறுத்தி பெல்ட்டை இறுக்கு, தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு முன் இன்னொருமுறை. டிரைவர் முகம் சுளித்தால் ஒரு டீ வாங்கிக் கொடு.

செட்டிப்பாளையம் போவதற்குள் வழியில் ஏதாவது ஒரு எடை மேடையில் வண்டியை இறக்கி நிறுத்து. பெரும்பாலும் பத்து கிலோக் கணக்கில்தான் காட்டும், பரவாயில்லை. முழு வண்டி, முன்சக்கரங்கள் மட்டும் மேடையில், பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் என்று மூன்று சீட்டு வாங்கு. ஒவ்வொன்றையும் நீ சீட்டில் உட்கார்ந்த நிலையில் எடு. அந்த எண்களை எனக்கு எழுது, முன் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா என்பதை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்