கந்தரோடைக்குப் போகலாமா?

பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளைக் கந்தரோடைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசை. "நாலு கல்லுக் குவியலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்கிறார் கணவர். போகலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

தாராளமாகப் போங்கள், தங்கச்சி. அனுராதபுரத்துத் தாதுகோபங்களை மனதில் வைத்துப் போனால்தான் ஏமாற்றம். அங்கே இருப்பவை பனைகளுக்கு நடுவே கிட்டத்தட்ட 20 சிறிய தாதுகோபங்கள், கல் குமிழ்கள் போல. சில ஆள் உயரம்கூட இல்லை. அரை மணித்தியாலத்தில் பார்த்து முடிந்துவிடும்.

அதனால் முதலில் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கந்தரோடை மண்ணிலிருந்து வந்தவற்றை அங்கே பார்த்துவிட்டுப் போனால், அந்தக் குமிழ்கள் வெறும் கல்லாகத் தெரியாது. வரலாற்றாளர் போல் பீரிஸ் 1917 வாக்கில் ஆராய்ந்த இடம் கந்தரோடை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன்பே மக்கள் அங்கே குடியிருந்திருக்கிறார்கள். ரோம நாணயமும் அந்த ஊருக்கு வந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். குமிழ்களின் முருகைக்கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடலில் வளர்ந்தபோது உண்டான துவாரங்கள் இன்னும் தெரியும். ஏற மட்டும் விடாதீர்கள்.

விடியவே வெளிக்கிட்டுப் பரந்தன் வழியாக ஏ9 பிடியுங்கள். நேரே பஸ் தேடி நிற்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மாறிச் சுன்னாகத்தில் இறங்கினால் ஓட்டோ கிடைக்கும். பின்னேரம் கீரிமலைக் கேணியில் குளிக்கப் போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி உண்டு. மாற்றுடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், கணவருக்கும் சேர்த்து.